பம்ப் ஹவுஸில் ஒன்பது நிமிஷம்

பஸ் டிப்போவின் மாடியில், படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. கதவில் 'கால அட்டவணைப் பிரிவு' என்று பலகை தொங்கும். பிரிவு என்றால் ஒரு பத்துப் பேராவது இருப்பார்கள் என்று நினைத்து உள்ளே போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இருப்பது ஒரே ஒருவர். ஐம்பத்துமூன்று வயது, மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி, காதில் செருகிய பென்சில். நூற்றுப் பன்னிரண்டு தடங்களில் ஓடுகிற எல்லா வண்டிகளும் எங்கே எத்தனை மணிக்கு வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று எழுதுகிறவர் அவர்தான். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிமிஷக்காரம்மா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் அது முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு நிமிஷம் தாமதமாக வந்த வண்டியின் டிரைவரை அவர் மாடியிலிருந்தே பிடித்துக்கொள்வார். "என்னப்பா, ஒரு நிமிஷத்தை எங்க விட்டுட்டு வந்தே?" என்று கேட்பார். போக்குவரத்து நெரிசல் என்று சொன்னால் எந்த முக்கில் நெரிசல், எத்தனை வண்டி நின்றது என்று கேள்வி மேல் கேள்வி வரும். பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் மூன்று நிமிஷம் போய்விடும்.

இவ்வளவு பேசுகிற அம்மாளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் வேடிக்கை. ஏறி உட்கார்ந்தால் மூன்றாவது நிறுத்தத்துக்குள் வயிற்றைப் புரட்டும். அதற்காகவே டிப்போவிலிருந்து பத்து நிமிஷ நடையில் வீடு பார்த்துக்கொண்டார். தடங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு தடத்தையாவது முழுக்கப் போய்ப் பார்த்திருக்கிறாரா என்றால், இல்லை. வீட்டுக்காரர் மின்சாதனங்கள் பழுது பார்க்கிறவர், வாய் சும்மா இருக்காது. "ஊருக்கெல்லாம் நேரம் போட்டுக் குடுக்கிறே. எங்கூட உக்காந்து சாப்பிட ஒரு பத்து நிமிஷம் போடக் கூடாதா?" என்பார். "உங்க ரூட்ல கூட்டமே இல்லீங்களே," என்று இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய மேஜைக்கு ஒரு கடிதம் வந்தது. கடிதம் வருவது புதிதல்ல. வண்டி வரவில்லை, வந்த வண்டி நிற்கவில்லை, நின்ற வண்டி கிளம்பவில்லை என்று தினமும் வரும். இதன் முகவரியே வேறு மாதிரி இருந்தது. '47ஆம் நம்பர், காலை ஒன்பதரை வண்டிக்கு நேரம் போட்டவருக்கு' என்று இருந்தது. எழுத்துகள் ஒவ்வொரு வரியிலும் வலது பக்கமாகச் சரிந்து இறங்கின. இன்னொரு கையால் தாளைப் பிடித்துக்கொள்ளாமல் எழுதியது போல இருந்தது.

'வணக்கம். பம்ப் ஹவுஸ் நிறுத்தத்தில் வண்டி ஒன்பது நிமிஷம் நிற்கும்படி எழுதியது நீங்கள்தானாம். டிரைவர் சொன்னார். மூன்று வருஷமாகச் சொல்ல நினைத்ததை இன்றைக்குச் சொல்கிறேன். ரொம்ப நன்றி. அந்த ஒன்பது நிமிஷம் இல்லாமல் என் வாரங்கள் எப்படி ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். இப்படிக்கு, ஏழாம் நம்பர் சீட்.'

நிமிஷக்காரம்மா இரண்டு தடவை படித்தார். சந்தோஷப்பட வேண்டியவர் முகத்தைச் சுளித்தார். பம்ப் ஹவுஸில் எதற்கு ஒன்பது நிமிஷம்? அங்கே ஒரு நிமிஷம்தானே? அலமாரியைத் திறந்து 47ஆம் நம்பர் தாளை உருவினார். பதினைந்தாவது வரியில் பாலம், ஒரு நிமிஷம். பதினாறாவது வரியில் பம்ப் ஹவுஸ், ஒன்பது நிமிஷம். அவருடைய கையெழுத்து, அவருடைய பென்சில். அவருக்கு அடிவயிறு கலங்கியது. பஸ்ஸில் ஏறாமலேயே.

என்ன நடந்தது என்று புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. முன்பு அந்தப் பாலம் குறுகலாக இருந்தது. எதிர் வண்டி தாண்டிப் போகும்வரை இந்த வண்டி பாலத்தருகே ஒன்பது நிமிஷம் காத்திருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலத்தை அகலப்படுத்தினார்கள். காத்திருக்க வேண்டியதில்லை என்று உத்தரவு வந்தது. புதுத் தாளில் எழுதும்போது பாலத்துக்கு நேராக ஒன்று என்று சரியாகத்தான் போட்டிருக்கிறார். அந்தச் சமயம் பார்த்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தவர் பழைய தாளில் பாலத்து வரியையே பார்த்து, அந்த ஒன்பதை அடுத்த வரியில் இறக்கிவிட்டார்.

சரி பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். பழைய தாளின் மொத்தத்தையும் புதுத் தாளின் மொத்தத்தையும் கூட்டி ஒப்பிடுவது அவர் வழக்கம். இரண்டும் இம்மி பிசகாமல் ஒத்துப்போயின. சந்தோஷமாக டிக் போட்டார். எட்டு நிமிஷம் குறைந்திருக்க வேண்டிய தாளில் மொத்தம் எப்படி ஒத்துப்போகும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. கணக்கு பொருந்திவிட்டால் அவருக்கு வேறு கேள்வியே எழாது. மூன்று வருஷமாக ஒரு முழு பஸ் காரணமே இல்லாமல் பம்ப் ஹவுஸ் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று டிரைவரும் கேட்கவில்லை. டிரைவருக்குத் தெரிந்திருக்கும் என்று பயணிகளும் கேட்கவில்லை.

இது வெளியே தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வந்த புது மேனேஜர் அந்த வாரம்தான் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். மூன்று நிமிஷத்துக்கு மேல் வண்டி நிற்கிற இடங்களுக்கெல்லாம் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத இடங்களில் நிமிஷங்களை வெட்ட வேண்டும். கெடு வெள்ளிக்கிழமை. ரப்பரை எடுத்து ஒன்பதை அழித்து ஒன்று போட்டால் வேலை முடிந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு தப்பும் பண்ணாத பிரிவு என்ற பேர் அப்படியே இருக்கும்.

ரப்பரைக் கையில் எடுக்கவும் செய்தார். ஆனால் நிமிஷக்காரம்மாவுக்கு ஒரு விஷயம் ஏன் என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. வெட்டவெளியில், ஒரு தண்ணீர்த் தொட்டியின் அருகே சும்மா நிற்கிற வண்டிக்கு ஒருவர் எதற்காக நன்றி சொல்கிறார்? ரப்பரைக் கீழே வைத்தார். புதன்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தார். விடுப்புச் சீட்டு எங்கே இருக்கும் என்பதையே பக்கத்து அறையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் 47ஆம் நம்பரில் ஏறியதும் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு டீ குடித்தால் அடுத்த நிமிஷமே இன்னொன்று கேட்பவர் என்பதால் டிப்போவில் அவருக்கு டபுள் டீ என்று பேர்.

"மேடம், நீங்களா? பஸ்ஸுலயா? இன்னிக்கு மழைதான்."

"வாயை மூடிக்கிட்டு ஓட்டுப்பா. குலுக்காம ஓட்டு."

கையில் எலுமிச்சம்பழம், மடியில் பிளாஸ்டிக் பை. ஆனால் வயிற்றைவிடக் கண்தான் அதிகம் வேலை செய்தது. பழைய தியேட்டர் என்ற நிறுத்தத்தில் தியேட்டரே இல்லை, நாற்காலிக் கடைதான் இருந்தது. மேட்டுத்தெரு மேடாக இல்லை. பள்ளிக்கூட நிறுத்தத்தில் நாற்பது பிள்ளைகள் பையும் பாட்டிலுமாக ஒரே கதவில் முண்டியடித்தார்கள். கடைசிப் பிள்ளையின் ஒரு கால் தரையில் இருக்கும்போதே வண்டி நகர்ந்தது. "இந்த இடத்துக்கு எந்த மகராசி ஒரே ஒரு நிமிஷம் போட்டது?" என்று வாய்க்குள் திட்டியவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பென்சிலை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். ஒன்பதாவது நிறுத்தம்வரை தாக்குப்பிடித்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சாதனை.

திரும்பி வருகிற ஒன்பதரை வண்டியில் எட்டாம் நம்பர் சீட்டுக்குப் பின்னால் இடம் பிடித்து உட்கார்ந்தார். இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு பெண்மணி ஏறினாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வெளிறிய முகம், இடது கையை முழங்கை மடக்கி ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு வைத்திருந்தாள். அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது தலைமுடி. பின்னவில்லை, கொண்டை போடவில்லை, அப்படியே விட்டிருந்தாள். ஏழாம் நம்பர் சீட்டில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.

பத்து ஐம்பதுக்குப் பம்ப் ஹவுஸ் வந்தது. டபுள் டீ எஞ்சினை அணைத்துவிட்டு எதிரே இருந்த டீக்கடைக்கு நடந்தார். எட்டாம் நம்பரில் இருந்தவர் யாரும் சொல்லாமலேயே எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம், அதன் கூரைக் குழாய்களில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற சலவைக்கூடம். அங்கிருந்து ரப்பர் பூட்ஸும் நனைந்த ஏப்ரனுமாக ஒருத்தி தடதடவென்று ஓடி வந்தாள். முகச்சாயலைப் பார்த்ததும் தங்கை என்று தெரிந்துவிட்டது. ஏறினாள், எட்டாம் நம்பரில் உட்கார்ந்தாள், அக்காவின் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். பஸ்ஸே பார்த்திருக்க, தலை வாரத் தொடங்கினாள். நிமிஷக்காரம்மாவைத் தவிர யாருக்கும் அது புதுசாகத் தெரியவில்லை.

"நேத்து சாப்பிட்டியா?" என்றாள் தங்கை.

"நீ முதல்ல பின்னு. பேச்சு அப்புறம்."

"கை பின்னுது, வாய் பேசுது. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட். சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்டி. உன் சூப்பர்வைசர் இன்னிக்கு என்ன சொன்னார்?"

"பதினோரு மணிக்குள்ள உள்ள இருக்கணும்னு சொன்னார். தினமும் அதானே சொல்றார். நிமிர்ந்து உக்காரு. ஆட்டம் போடாதே."

மூன்று கற்றையாகப் பிரித்த முடி அந்த ஈரக் கைகளில் ஏறி இறங்கியது. பத்து ஐம்பத்தேழுக்குப் பின்னல் முடிந்தது. மீதி இரண்டு நிமிஷம் அக்காவின் தோளில் கன்னத்தை வைத்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் தங்கை. டபுள் டீ ஏறியதும் இறங்கி ஓடினாள். வண்டி கிளம்பியது.

நிமிஷக்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து எட்டாம் நம்பருக்கு வந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க. ஏன் பஸ்ஸுல வெச்சுத் தலை பின்றாங்க?"

அக்கா சிரித்தாள். முதல் தடவை ஏறுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் போலிருக்கிறது. "எனக்கு கிட்னி ரெண்டும் போயிடுச்சுங்க. வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். இந்தக் கையில ஊசி குத்துறதுக்காகவே ரத்தக்குழாயை ஒட்டுப் போட்டு வெச்சிருக்காங்க, அழுத்தம் படக்கூடாது. வலது கைக்கு எழுத வரும், சாப்பிட வரும், தோளுக்கு மேல தூக்க வராது. தங்கச்சி வீடு வேற பக்கம். ஆறு நாள் வேலை. இந்த ஒன்பது நிமிஷம்தான் எங்களுக்கு."

"வெட்டிடலாமே, முடியை?"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வெட்டிட்டா அவ எதுக்கு ஓடி வரணும்?"

அவள் தானாகவே பேசிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டும். ஒரு கை மெஷினுக்கு, ஒரு கை அவளுக்கு. அந்த ஒரு கையால் ஒவ்வொரு தடவையும் ஒரு கடிதம் எழுதுவாளாம், எல்லாம் முகம் தெரியாதவர்களுக்கு. பஸ் படியில் கைப்பிடியை இரண்டு அடி இறக்கி வைத்து வெல்டிங் பண்ணியவருக்கு ஒன்று. வண்டி நம்பரைத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பெரிசாக எழுதிய பெயின்டருக்கு ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவு கட்டியவருக்கு ஒன்று.

"பதில் வருமா?"

"பதிலுக்கா எழுதுறேன்? வீட்டைவிட்டு நான் இவ்வளவு தூரம் போயிட்டு வர்றதுக்கு எத்தனை பேர் வேலை செஞ்சிருக்காங்கன்னு எண்ணிப் பாத்தேன். முடியல. அதான் ஒவ்வொருத்தரா எழுதுறேன். பஸ்ஸுக்கு நேரம் போடுறவங்களுக்குத்தான் முதல்ல எழுதியிருக்கணும். ஆனா பயம்."

"என்ன பயம்?"

"எழுதப் போய் அவங்களுக்கு ஞாபகம் வந்து, அட, இதை எடுத்துடலாமேன்னு எடுத்துட்டாங்கன்னா?"

"அப்புறம் ஏன் எழுதினீங்க?"

"போன மாசம் பக்கத்துக் கட்டில்காரர் வரல. அவர் ஒரு விஷயத்தை யார்கிட்டயோ சொல்லணும்னு சொல்லிட்டே இருந்தார். சொல்லாமலே போயிட்டார். நானும் அப்படிப் போயிடக் கூடாதுன்னு எழுதிப் போட்டுட்டேன்." அவள் பின்னலை முன்னால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "முன்னெல்லாம் வண்டி இங்க ஒரு நிமிஷம்தான் நிக்கும். அவ ஓடி வந்து ஜன்னல்ல என் விரலைத் தொடுவா, வண்டி கிளம்பிடும். ஒருநாள் திடீர்னு ஒன்பது நிமிஷம் நின்னுச்சு. அவ ஓடி வர்றதை யாரோ ஒருத்தர் எங்கயோ நின்னு பாத்திருக்காங்க. பாத்துட்டு ஆபீஸ்ல போய் எழுதியிருக்காங்க. அதை நினைச்சா இப்பவும் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். நம்மளயும் ஒருத்தர் பாத்திருக்காங்க பாருங்க."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நிமிஷக்காரம்மா வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாகக் காலையில் சாப்பிட்டது வந்தது. பிளாஸ்டிக் பை அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது தெய்வாதீனம். வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிற அந்தப் பெண்மணி, ஆரோக்கியமாக இருக்கிற இவருடைய முதுகைத் தடவி, தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா? தனியா ஏன் வந்தீங்க?" என்று வேறு கேட்டாள். இவருக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்று மாலை வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரருக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கேலி பண்ணவில்லை. கடைசியில், "அந்தம்மாகிட்ட தப்புன்னு சொல்லித் தொலைக்காதே. நன்றின்னு வந்ததை வாங்கி வெச்சுக்கோ," என்றார்.

"நான் பண்ணாததுக்கு எப்படிங்க வாங்கிக்கிறது?"

"அப்ப பண்ணிட்டு வாங்கிக்கோ."

சில நேரம் இந்த மனிதர் உருப்படியாகவும் பேசுவார்.

வியாழக்கிழமை அவர் பிரிவின் கதவைச் சாத்திக்கொண்டு பென்சிலும் ரப்பருமாக உட்கார்ந்தார். நகரத்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் டபுள் டீக்கு இருபது நிமிஷம் ஓய்வு இருந்தது. அதில் ஒன்பதை எடுத்து பம்ப் ஹவுஸில் வைத்தால் வண்டி எங்கேயும் தாமதம் ஆகாது. டபுள் டீயைக் கேட்டதற்கு, "எந்த இடமா இருந்தா என்ன மேடம், டீ கிடைச்சா சரி," என்று உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். காரணம் எழுதுகிற கட்டத்தில் 'ஓட்டுநர் ஓய்வு' என்று எழுதினால் போதும்.

எழுதப் போனவருக்குப் பென்சில் நின்றுவிட்டது. மூன்று வருஷமாக நிற்கிற வண்டிக்கு இன்றைக்கு இப்படி எழுதினால் நாளைக்கு என்ன கேட்பார்கள்? ஸ்டாண்டில் இருபது நிமிஷம், பம்ப் ஹவுஸில் ஒன்பது நிமிஷம் என்று மூன்று வருஷமும் டிரைவர் இரட்டை ஓய்வு எடுத்தாரா என்று கேட்பார்கள். இவருடைய தப்பு டபுள் டீயின் தலையில் போய் விடியும். தாளை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், இது நான் பண்ணின தப்பு," என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

"இருபத்தெட்டு வருஷமா தப்பே வராத செக்‌ஷன்னு போன மாசம்தான் ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தேன், மேடம்."

"இனிமே இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தப்புன்னு சொல்லுங்க, சார்."

"அந்த நிமிஷத்தை வெட்டிட்டா விஷயமே முடிஞ்சுடும். யாருக்கும் தெரியாது. ஏன் இழுக்கிறீங்க?"

"வெட்டினா அந்தம்மா தலையை யாரு பின்றது?"

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டிப்போ மேனேஜராக வந்த பிறகு இப்படி ஒரு கேள்வி அவரிடம் யாரும் கேட்டதில்லை. பஸ் என்பது ஆட்களை ஏற்றி இறக்குவதற்குத்தான், தலை வாருவதற்கு அல்ல என்றார். ஒருத்திக்குக் கொடுத்தால் ஊரே கேட்கும் என்றார். நிமிஷக்காரம்மா ஒற்றைக்காலில் நின்றார். வண்டி எங்கேயும் தாமதமாகாது என்று தாளை விரித்துக் காட்டினார். பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம் வேண்டும் என்று அதையும் சேர்த்துக் கேட்டார். ஒன்று கேட்க வந்தவர் இரண்டு கேட்டதில் மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆறு மாசம். அதுக்கப்புறம் திரும்பவும் பாக்கணும். ஆனா உங்களுக்கு மெமோ குடுக்காம இருக்க முடியாது, மேடம். உங்க சர்வீஸ் ரெக்கார்டுல ஏறிடும்."

"குடுங்க சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

தைரியமாகத்தான் கேட்டார். படி இறங்கும்போது மட்டும் கண் கலங்கியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன்னைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் விடுப்பு, மறுபடியும் எலுமிச்சம்பழம். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனார். ஒன்பதரை வண்டியில் நேராக எட்டாம் நம்பரிலேயே உட்கார்ந்தார். அக்காவுக்கு அவரை அடையாளம் தெரிந்தது. "உடம்பு இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள். தங்கை வந்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று இவர் வழியெல்லாம் மென்று விழுங்கிக்கொண்டு வந்தார்.

பம்ப் ஹவுஸில் வண்டி நின்றது. பத்து ஐம்பத்திரண்டு ஆயிற்று. சலவைக்கூடத்திலிருந்து யாரும் ஓடி வரவில்லை. வாசலில் இன்னொரு ஏப்ரன்காரி நின்று இரண்டு கையையும் வாய்க்கு வைத்துக் கத்தினாள். "மெஷின் மாட்டிக்கிச்சு! இன்னிக்கு வர முடியாதாம்!"

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்தக் கட்டடத்தையே பார்த்தாள். சீப்பு மடியில் கிடந்தது. நிமிஷக்காரம்மா சீப்பை எடுத்தார்.

"திரும்பி உக்காருங்க. எனக்கு ஒரே பையன். ஒருத்தர் தலையும் பின்னினதில்ல. கோணலாத்தான் வரும்."

அவள் தயங்கிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். முடி கனமாக இருந்தது, கைக்குள் அடங்கவில்லை. மூன்று கற்றை பிரித்தால் நான்கு வந்தது. முகம் தெரியாததால் பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது. நிமிஷக்காரம்மா சொல்ல ஆரம்பித்தார். நேரம் போட்டது நான்தான் என்றார். பாலம், அடுத்த வரி, ஒத்துப்போன மொத்தம் எல்லாவற்றையும் சொன்னார். "உங்க தங்கச்சி ஓடி வர்றதை நான் பாக்கல. பம்ப் ஹவுஸ் எங்க இருக்குன்னே போன வாரம்தான் பாத்தேன். அது தப்பா விழுந்த நம்பர்."

நிமிஷக்காரம்மா கைக்குள் இருந்த முடி லேசாக நடுங்கியது.

"அப்ப மூணு வருஷமா எங்களை யாருமே பாக்கலையா?"

"இல்லம்மா. யாருமே பாக்கல."

வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். நிமிஷக்காரம்மா பின்னுவதை மட்டும் விடவில்லை.

"இப்ப நம்பர் மாறிடுச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"மாறல. அதே ஒன்பதுதான். ஆனா இந்தத் தடவை தெரிஞ்சே எழுதியிருக்கேன். ஆறு மாசத்துக்கு வாங்கியிருக்கேன். ஆறு மாசம் கழிச்சு மறுபடியும் போய் நிப்பேன்."

டபுள் டீ ஏறி எஞ்சினைப் போட்டார். பின்னல் பாதியில் நின்றது, மீதி முடி விரலிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. நிமிஷக்காரம்மா தலையை நிமிர்த்தினார்.

"வண்டியை அணைப்பா."

டபுள் டீ கண்ணாடியில் அவரைப் பார்த்தார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று திரும்பியும் பார்த்தார். "மேடம், மணி பத்து அம்பத்தொம்போது."

"எனக்குத் தெரியாதா? எழுதினதே நான்தானே. அணை. இன்னும் முடியல."

எஞ்சின் அணைந்தது. பின் சீட்டில் யாரோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்கள். அக்கா வலது கையைத் தோளுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொண்டுவந்து பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கோணலாத்தான் இருக்கு," என்றாள். அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல்.

"சொன்னேன்ல? தலையை ஆட்டாதீங்க. அவிழ்ந்துடப் போகுது."

வண்டி கிளம்பியபோது மணி பதினொன்று நாலு.